மெழுகுச் சட்டை

பினாங்குத் துறைமுகத்தில் மெழுகுவர்த்தி வாசத்தோடு மீன் பிடிக்கப் போனவர் ஒருவர்தான். அவர் எங்கள் கிராணி. கப்பலில் ஏறி இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது அவர் வேலை. அந்த மூட்டைகளுக்குத் தோணியில் நின்று கயிறு மாட்டிவிடுவது என் வேலை. அவர் ஆங்கிலப் பள்ளியில் ஏழாவது வரை போனவர். என் படிப்பு தமிழ்ப் பள்ளியில் மூன்றாவதோடு சரி. வாத்தியாரின் நாற்காலிக் காலைப் பாதி அறுத்து வைத்தேன். வாத்தியார் விழுந்தார், நான் வெளியே வந்தேன்.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் இருவரும் ஒரே சம்பான் படகில்தான் இருப்போம். அவருக்கு மீன் பைத்தியம். எனக்கு அவரைக் கிண்டல் செய்கிற பைத்தியம். இரண்டும் ஒன்றுக்கொன்று தோதாக இருந்தன.

அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் படகு கட்டும் ஜெட்டியில் ஒரு மரக்காலிலிருந்து அடுத்த காலுக்கு நீந்திப் போவேன், அவ்வளவுதான்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தம்பி ஒருவன் அங்கே ஆற்றில் போய்விட்டான். அதனால் புருஷன் கடலுக்குப் போகிறேன் என்றாலே அவருக்கு முகம் செத்துவிடும். கல்யாணமான முதல் வருஷம் முழுக்க வீட்டில் இதுதான் சண்டை.

அந்தச் சண்டை தீர்ந்த விதம் வேடிக்கையானது. ஒரு நாள் கப்பலில் ஒரு மாலுமி கிழிந்த லைப் ஜாக்கெட் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். கிராணி எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே வெறும் இலவம் பஞ்சு. மலாய்க்காரர்கள் கெக்காபு என்பார்களே, அதே பஞ்சு. இவர் வீட்டுக் கொல்லையிலேயே அந்த மரம் நிற்கிறது. ஓட்டமாய் ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னார். அண்ணி பழைய படுதாவை வெட்டித் தைத்தார், பஞ்சை அடைத்தார், மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி உருக்கித் துணியிலும் நாடாவிலும் தேய்த்தார். அவர்கள் வேதக்காரர்கள். கோயில் மெழுகு என்றால் அண்ணிக்கு இரட்டைத் தைரியம்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு அவர் ஜெட்டிக்கு வந்தபோது நான் விடவில்லை.

"என்னாண்ணே, தூங்கப் போறியா, மீன் புடிக்கப் போறியா? பாய எங்க விட்டுட்ட?"

"சிரிடா சிரி. இது மெதக்கும்."

"தலகாணி மெதக்குமா? எங்க வீட்டுத் தலகாணி மழையில நனஞ்சா மூணு நாளு தூக்க முடியாது லா!"

அங்கேயே சோதனை வைத்தோம். அம்மிக் குழவி ஒன்றைக் கொண்டுவந்து சட்டையில் கட்டித் தண்ணீரில் போட்டோம். முழுகிவிடும் என்று நான் சத்தியம் செய்தேன். குழவி சட்டையின் நடுவில் தொட்டிலில் படுத்த பிள்ளை மாதிரி மிதந்துகொண்டே இருந்தது. நேரம் போகப் போகக் கூடியிருந்தவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் அவரும் மட்டும் நின்றோம். கடைசியில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தோற்றதற்காக எனக்கு அந்தச் சட்டை மேல் கோபம்.

அது எப்படியும் புழுக்கமான சட்டை. இரண்டு வாரத்தில் அவர் அதைக் கழற்றிச் சம்பானில் போட்டு அதன் மேல் உட்கார ஆரம்பித்தார். அண்ணி கண்டுபிடித்துவிட்டார். பஞ்சு ஒரு பக்கம் நசுங்கியிருந்ததாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் பூசை முடிந்ததும் அண்ணியே ஜெட்டி வரைக்கும் வந்து, மார்பில் மூன்று நாடாக்களையும் கட்டிவிட்டுப் போவார். மெழுகு நாடா இறுகினால் ஆணி அடித்த மாதிரி. கையால் அவிழ்க்கவே முடியாது. வீட்டுக்கு வந்ததும் அண்ணிதான் கோணி ஊசியை நுழைத்து ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார்.

"எல்லா ஊர்லயும் ஆம்பள பொம்பளைக்கு மூணு முடிச்சுப் போடுவான். இங்க வாரா வாரம் அண்ணேக்குத் தாலி ஏறுது!" என்பேன்.

அண்ணி சிரிக்கமாட்டார். "ஒனக்கும் ஒன்னு தச்சித் தாரேன் தம்பி, போட்டுக்க" என்பார்.

"எனக்கு எதுக்கு அண்ணி? நான் மீனுக்கே நீச்ச சொல்லிக் குடுக்குறவன்."

அந்த ஞாயிறும் அப்படித்தான் கட்டிவிட்டுப் போனார். அப்போது அண்ணிக்கு ஆறு மாதம். ஜெட்டிப் பலகையில் மெதுவாக, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த நடையை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

தெற்கே போய் ஜெரெஜாக் தீவுக்கு இந்தப் பக்கம் நங்கூரக் கல் போட்டு நிறுத்தினோம். கொஞ்ச தூரத்தில் மலாய்க்காரர்களின் கேலோங் நின்றது. கடலில் கழிகளை நட்டு, மேலே பரண் கட்டி, அதன் மேல் குடிசை போட்டு மீன் பிடிப்பார்களே, அது. பரண் மேல் இரண்டு பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று துளியும் இல்லை. மீனும் கடிக்கவில்லை. கிராணி வேர்த்து ஒழுகினார். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"அவுத்துடறேன் அண்ணே. கொஞ்ச நேரம் காத்து வாங்கு."

"வேணாண்டா. அவ கண்டுபுடிச்சிருவா."

"கரைக்குப் போறதுக்கு முன்ன அதே மாரி கட்டிவுட்டுர்றேன். யேசுவுக்கே தெரியாது."

"சாமிய இழுக்காத" என்றார். ஆனால் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்.

தூண்டில் முள்ளை நுழைத்து நெம்பினேன். ஒரு முடிச்சுக்கு ஒரு சுருட்டு பிடிக்கிற நேரம் ஆனது. மூன்றையும் அவிழ்த்து முடித்தபோது என் விரல் நுனியெல்லாம் ரத்தம். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, "அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சட்டையை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். நாடாக்களைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். சுருட்டிய துண்டை உள்ளே திணித்து வயிற்றைப் பெரிதாக்கிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, அண்ணி நடக்கிற மாதிரி சம்பானின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். "ஏங்க, முடிச்ச அவுக்காதீங்க! ஏங்க, தண்ணியத் தொடாதீங்க!" கேலோங்கில் இருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். கிராணியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"டேய், அவ பாத்தா ஒன்னிய வெட்டிக் கருவாடு போட்டுருவா."

ஆள் சிரித்தால் எனக்கு நிறுத்த மனசு வராது. வலி வந்த மாதிரி உட்கார்ந்து முனகினேன். தெற்கே வானம் சிலேட்டு நிறத்துக்கு மாறியதை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"போதும்டா. காத்து வருது. அதக் குடு."

"இருண்ணே, புள்ள பொறக்கட்டும்."

முதல் காற்று அடித்ததும் என் தொப்பி போனது. சம்பான் கல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மழை கண்ணைத் திறக்கவிடவில்லை.

"தம்பி, குடுடா."

அது வேறு குரல். அந்தக் குரலில் அவர் அதற்கு முன் என்னிடம் பேசியதில்லை.

மேல் நாடாவை அவிழ்த்தேன். நான் கட்டிய முடிச்சுத்தானே, இழுத்ததும் வந்துவிட்டது. அடுத்த நாடாவில் கை வைத்தேன். அதுவும் இழுத்தால் வந்துவிடும். அப்போது ஒரு அலை உள்ளே ஏறி முழங்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது. என் கை நின்றுவிட்டது. முடிச்சு இறுகவில்லை. நேரம் இல்லாமலும் போகவில்லை. அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார், நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சம்பான் கவிழ்ந்தது.

நான் மேலே வந்தபோது அவர் கவிழ்ந்த சம்பானின் வயிற்றைப் பிடிக்கப் பார்த்தார். பாசி. கை வழுக்கியது. "தம்பி" என்று இரண்டு தடவை கேட்டது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும். சட்டை என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் குழவியைத் தூக்கிப் பிடித்த மாதிரி.

காற்று அடங்கியதும் கேலோங் ஆட்கள் படகில் வந்து என்னை இழுத்துப் போட்டார்கள். "மானா காவான்?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். உன் கூட்டாளி எங்கே என்று. நான் தண்ணீரைக் காட்டினேன். அவர் என் மார்பில் இருந்த சட்டையைப் பார்த்தார். அது முதலில் யார் மேல் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பை எடுத்தார்.

ஜெட்டியில் அண்ணி நின்றார். என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். ஏதாவது சொல்லவேண்டும். வாயில் வந்தது இதுதான்:

"அண்ணேதான் அண்ணி... படகு முழுகுறப்ப அவரே கழட்டி என் கழுத்துல மாட்டிட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நான் அதுவரை சொன்ன பொய்களை எல்லாம் யாராவது ஒருவர் சிரித்து ஒதுக்கியிருக்கிறார்கள். இதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் உடல் கேலோங் கழியில் தட்டி நின்றது. அடக்கத்துக்கு, அவரைத் தெரியாதவர்கள்கூட வந்தார்கள். பாதிரியார் பிரசங்கத்தில், நண்பனுக்காக உயிரைக் கொடுத்தவர் என்றார். ஆட்கள் என் தோளைத் தொட்டு, "நீ நல்லா வாழணும்பா, அந்தப் புண்ணியவான் குடுத்த உசிரு" என்றார்கள். ஜெட்டியில் என்னை யாரும் கிண்டல் செய்யவில்லை. நானும் யாரையும் செய்யவில்லை. வேதக்காரர்களுக்குப் பாவத்தைச் சொல்லக் கோயிலில் ஒரு பெட்டி இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது கிடையாது. தேங்காய் உடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். காப்பி கொடுத்தார். வந்திருந்த சனமெல்லாம் போகும்வரை காத்திருந்தார். பிறகு உள்ளே போய் அந்தச் சட்டையை எடுத்து வந்தார். துவைத்து, காயவைத்து, புதிதாக மெழுகு தேய்த்திருந்தார்.

"போட்டுக்க தம்பி" என்றார்.

போட்டுக்கொண்டேன். அண்ணி என் எதிரில் நின்று மூன்று நாடாக்களையும் தன் பாணியில் கட்டினார். வயிறு இடித்ததால் கொஞ்சம் எட்டி நின்று கட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப அவுத்துக் காட்டு."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. இழுத்தேன், கிள்ளினேன், குனிந்து பல்லால் கடித்துப் பார்த்தேன். மெழுகு வாயில் ஒட்டியது. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பி ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது. ஒரு முடிச்சுக்கூட வரவில்லை.

"படகு முழுகுறப்ப, அந்த மழையில, மூணையும் அவுத்தாரா ஒங்கண்ணே?"

எல்லாவற்றையும் சொன்னேன். தூண்டில் முள்ளைச் சொன்னேன். அண்ணி நடையை நடித்துக் காட்டியதைச் சொன்னேன். இரண்டாவது நாடாவில் என் கை நின்றதையும் சொன்னேன். அண்ணி அழவில்லை. எழுந்து கோணி ஊசியை எடுத்து வந்து, ஒவ்வொரு முடிச்சாக நெம்பி என்னை அவிழ்த்துவிட்டார். ஊசி என் நெஞ்சுக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. குத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ ஜெட்டியில சொன்னதே இருக்கட்டும்" என்றார். "பொறக்கப் போற புள்ளக்கி அப்பன்னு காட்ட வேற ஒன்னும் இல்ல. இனிமே யாரு கேட்டாலும் அதயே சொல்லு. நீ மாத்திச் சொன்னதாக் கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்."

அதனால்தான் இதில் யார் பெயரையும் நான் போடவில்லை.

பையன் பிறந்து இப்போது ஐந்து வயது. சட்டை சுவரில் தொங்குகிறது. பொருள் ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க நான் அந்த வீட்டுக்குப் போனால் ஓடிவந்து என் கையைப் பிடித்து அதற்குக் கீழே இழுத்துப் போவான். "மாமா, எங்கப்பா ஒங்களுக்கு எப்பிடிக் குடுத்தாரு, சொல்லுங்க."

நான் சொல்வேன். காற்று, மழை, அலை, அவர் கழற்றி என் கழுத்தில் மாட்டியது. பையன் வாயைத் திறந்துகொண்டு கேட்பான். நான் சொல்லி முடிக்கும் வரை அடுக்களையில் அண்ணி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருக்கும்.