பச்சைக் கோடு காணாமல் போன ஆஸிலோஸ்கோப்

வால்வு சூடேறும்போது மேலே படிந்த தூசி கருகுமே... அந்த வாசனை. காற்று திரும்பினால் தோல் பதனிடும் டேனரி நாற்றமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. கருவிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு முதல் வேலை. பாலிடெக்னிக் முடித்து அங்கே வந்த ஒரே பெண் நான். பக்கத்து மேஜையில் சலீம். என் வயதுதான்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆஸிலோஸ்கோப். மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. டிரங்குப் பெட்டி அளவு, உள்ளே முழுக்க, பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வுகள். வார்டின் ஹார்ட் மானிட்டரைச் சரிசெய்தால், இதில் போட்டுப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்போம்.

ஒருநாள் அதன் பச்சைக் கோடு காணாமல் போனது. சலீம் வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். ம்ஹூம்...

"பிக்சர் டியூபே போய்ட்ச்சு. ஸ்க்ராப்புக்கு அனுப்பிடலாம்" என்றார் சூப்பர்வைசர் சார்.

அப்படியானால் மானிட்டர்கள் இனி மெட்ராஸுக்குப் போக வேண்டும். திரும்பி வரும்வரை வார்டு என்ன செய்யும்?

"டியூப் போச்சான்னு இன்னும் யாரும் பாக்கல சார். எனக்கு இன்னிக்கு மத்தியானம் மட்டும் குடுங்க."

"உள்ள வோல்டேஜ் ஜாஸ்திம்மா. ஷாக் அடிச்சா உங்க அப்பாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"சலீமுக்கும் அதே ஷாக்தான் சார் அடிக்கும்."

சலீம் சிரித்துவிட்டான். சார் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த கரண்ட்டை இறக்கிவிட்டோம். கருகியது எதுவும் கண்ணில் படவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டோம். எக்ஸ்ரே ரூமிலிருந்து ஒரு கறுப்புத் துணி வாங்கி வந்து, திரையோடு சேர்த்து என் தலையையும் மூடிக்கொண்டேன். பிரைட்னஸைக் கூட்டினேன்.

வெளியிலிருந்து சலீம் கேட்டான்: "இன்னா தெரியுது?"

"இருட்டு."

"சார் அப்பவே சொன்னாரு..."

"இரு, இரு... மேல் ஓரத்துல லேசா பச்சையா மினுங்குது! டியூப் உயிரோட இருக்கு சலீம்!"

கோடு சாகவில்லை. திரைக்கு மேலே ஏறி ஒளிந்துகொண்டிருந்தது. அதை மேலே இழுப்பது எது என்று மீட்டரை வைத்துத் தேட ஆரம்பித்தோம். அதற்குள் ஸ்க்ராப்பை எடுத்துப் போக ஸ்டோர்ஸ் தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"டீ குடிச்சிட்டு வாண்ணே" என்று வண்டிக்காரரை சலீம் திருப்பி அனுப்பினான்.

கடைசியில் பார்த்தால், கரண்ட்டை மட்டுப்படுத்தும் ஒரு சின்ன ரெசிஸ்டர்! வெளியே புதுசு மாதிரி பளபளப்பு, உள்ளே அறுந்துபோயிருந்தது. பழைய ரேடியோவில் அதே அளவில் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஈயத்தை உருக்கி சால்டர் வைத்தோம்.

சுவிட்சைப் போட்டு, வால்வு சூடேறக் காத்திருந்தோம்...

நட்டநடுத் திரையில் பச்சைக் கோடு!

சார் வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "வண்டிய காலியா அனுப்பிடு" என்றார் சலீமிடம். அதன் பிறகு, மற்றவர்கள் திறக்கவே பயப்படும் கருவி எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும்.

போன மாதம் எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். புத்தகம் அளவுக்கு ஒரு மெஷின். சத்தமில்லை, சூடில்லை. எங்களால் அன்று நினைத்துப் பார்க்கவே முடியாத துல்லியம். டெக்னீஷியன் பெண்ணிடம் கேட்டேன்: "இத உள்ள தொறந்து பாத்திருக்கியாம்மா?"

"ஐயோ ஆன்ட்டி, தொறந்தா வாரண்டி போய்டும்."

சரிதான் என்று சிரித்துவிட்டுப் படுத்தேன். கண் மட்டும் சும்மா இருக்கவில்லை... திருகுகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தது.