யாரும் திரும்பிப் பார்க்காத சத்தம்

விஸ்வநத்தத்தில் குருவி வெடி போடும் ஒரு சின்னக் கம்பெனிக்கு முதலாளி சங்கரபாண்டியன். பயந்த சுபாவம். பட்டாசுத் தொழிலில் பயந்தவன்தான் பிழைப்பான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். ஆனால் அவருடையது பிழைப்புக்கு மிஞ்சிய பயம். வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட வாசலுக்கு ஓடிவிடுவார். எங்கேயாவது டொம்மென்றால் தன் கம்பெனி இருக்கும் திசையைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே புகை இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

அப்படிப்பட்ட மனுஷன் கைத்துப்பாக்கி வாங்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சம்பளப் பையை வழியில் எவனோ பறித்துக்கொண்டு ஓடிவிட, அதைக் காரணம் காட்டி நாயாய்ப் பேயாய் அலைந்து லைசென்ஸ் வாங்கினார். மதுரையில் ஒரு கடையில் பழைய இத்தாலி பிஸ்டல் கிடைத்தது. குழல் அளவு இருபத்திரண்டு போர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விசையை அழுத்த அழுத்தக் காலிக் குப்பி தெறித்து விழும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். தோட்டாவோ சுண்டு விரலில் பாதி. தேர்தல் வரும்போதெல்லாம் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போவார். “அண்ணாச்சி, இது துப்பாக்கியா, பிள்ளைக பொட்டு வெடிக்கிறதா?” என்று ஏட்டு கேட்பார். இவரும் கூடச் சிரித்துவிட்டு வருவார்.

சுட்டுப் பழக அவருக்கு இடம் இருந்தது. எம். புதுப்பட்டி தாண்டி, செல்போனுக்கு டவர் கிடைக்காத காட்டுக்குள் கொஞ்சம் கரிசல் நிலம் தரிசாய்க் கிடந்தது. அங்கே சுடுவது சட்டப்படி தப்புதான். ஆனால் நாலு பக்கமும் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற வட்டாரத்தில் ஒரு சத்தத்துக்கு யார் தலையைத் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்? அதுவும் இந்தப் பிஸ்டலின் சத்தம் அவருடைய குருவி வெடியின் சத்தமேதான். அவருக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. இருந்தாலும் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தார்.

“ஏலே பாண்டி, நான் இங்கன புது மருந்து போட்டுப் பாப்பேன். எப்பிடி வெடிக்கும்னு சொல்ல முடியாது. சத்தம் கேட்டா நீயும் வரக்கூடாது, வேற யாரையும் அண்ட விடவும் கூடாது.”

“ஈ காக்கா வராது முதலாளி.”

அதற்காகத் தீபாவளி தோறும் பாண்டிக்கு வேட்டி துண்டு உண்டு.

மனைவி சொர்ணலட்சுமி முதலில் காவலுக்காகத்தான் கூட வந்தாள். இந்த மனுஷனை அந்தச் சனியனோடு தனியே விடக்கூடாது என்ற எண்ணம். போகப் போக அவளுக்கே அது பிடித்துவிட்டது. அச்சில் நிறம் பிசகிய பட்டாசு லேபிளை வரப்பில் முள்ளால் குத்தி நிறுத்துவாள். அவர் குறிபார்த்துச் சுடுவார். லேபிளில் இருக்கும் குருவிக்கு ஒரு காயமும் இருக்காது. “பாவம், பிழைச்சுக்கிருச்சு” என்பாள். பிறகு குனிந்து காலிக் குப்பிகளைப் பொறுக்கித் தூக்குவாளி மூடியில் போடுவாள். புதுத் தோட்டா வாங்கப் போனால் ஸ்டேஷனில் காலியைக் கேட்பார்களே. அதன்பின் இருவரும் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுவார்கள். மகன் தருண்குமார் சிங்கப்பூர் போன பிறகு அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அந்தக் காட்டில்தான். வாழ்நாளெல்லாம் சத்தத்துக்கு நடுங்கியவருக்கு, தன் விரல் சொன்னபடி கேட்கும் ஒரே சத்தம் இது. இது வெடித்தால் யாரும் சாவதில்லை. அவருக்கு அது போதும்.

இரண்டாயிரத்து மூன்று தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. ராத்திரி மழை பெய்திருந்தது. “இன்னைக்கு வேணாம்ங்க, கரிசல் சும்மா இருக்காது” என்றாள் சொர்ணலட்சுமி. சீசன் தலைவலி அவருக்கு. ஒரு மணி நேரம் போய்விட்டு வந்தால் தேவலை என்று பிடிவாதமாகக் காரை எடுத்தார். திரும்பும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. கரிசல் மண் பிடித்தால் சும்மா விடுமா? அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, அவள் சேலையைச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள்.

கண்ணாடியில் அவளைக் காணவில்லை. இறங்கி ஓடினார். சேற்றில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மூச்சு முட்டுதுங்க.”

தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. ரோடு வெகு தூரம். “ஆளக் கூட்டியாரேன் சொர்ணம்” என்று எழுந்தவரின் கையை அவள் விடவில்லை. “விட்டுட்டுப் போயிராதீக, பயமா இருக்கு.”

அப்போதுதான் இடுப்பில் இருந்தது நினைவுக்கு வந்தது. வானத்தைப் பார்த்துச் சுட்டார். நிறுத்தினார். மறுபடி சுட்டார். அந்தப் பக்கம் எங்கேயோ படபடவென்று ஒரு சத்தம் பதில் போல வந்தது. “சொர்ணம், கேட்டுட்டாக! வாராக!” என்று கத்தினார். வந்தது எந்தக் கம்பெனியோ சரம் வெடித்துப் பார்த்த சத்தம். அது அடங்கியதும் காடு பழையபடி ஆகிவிட்டது. கடைசித் தோட்டா வரைக்கும் சுட்டார். ஒருவரும் வரவில்லை.

“அந்தக் காலியப் பொறுக்கிருங்க” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். “கேப்பாக.”

பிடித்திருந்த கை தளர்ந்த பிறகுதான் அவர் ரோட்டுக்கு ஓடினார். டிராக்டர் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். போய் என்ன செய்ய?

துஷ்டி கேட்க வந்தவர்கள் கூட்டத்தில் பாண்டியும் வந்தான். வாசலில் நின்று துண்டை வாயில் வைத்து அழுதான். சங்கரபாண்டியன் அவனைக் கிட்டே கூப்பிட்டார்.

“ஏலே, அன்னைக்கு நீ அங்கனதான இருந்த? கேக்கலையா?”

“கேட்டுச்சு முதலாளி. அம்புட்டுச் சத்தமும் கேட்டுச்சு.” பாண்டி தேம்பினான். “சொன்னபடி ஆட்டத் திருப்பிட்டேன். லோடு ஏத்திட்டு வந்த ரெண்டு பேரு, என்ன இது விட்டு விட்டு வெடிக்குன்னு அங்கன வரப் பாத்தாக. நாந்தான் மறிச்சு அனுப்பிட்டேன். அண்ட விடாதேன்னீகளே.”

சங்கரபாண்டியனுக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். “சரிலே” என்றார். “சொன்னதத்தான செஞ்ச.”

அவனுக்கென்று சொர்ணலட்சுமி எடுத்து வைத்திருந்த வேட்டி துண்டு அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்.