நாலாவது மூலைக்குச் சோழரா, ஹொய்சாளரா?

இயந்திர எண்ணெய் வாசனை எங்காவது மூக்கில் பட்டால் இன்றும் எனக்குச் சோழர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். சிரிக்காதீர்கள். ஓசூரில் நாங்கள் குடியிருந்த "லைன் வீடுகளில்" முக்கால்வாசிப் பேருக்குக் கம்பெனி வேலை. உதிரிபாகங்கள் வந்திறங்கிய பெரிய அட்டைப்பெட்டிகளை அப்பா கேட்டு வாங்கி வருவார், அவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு போகவே போகாது. அப்படி வந்த ஒன்றைப் பிரித்து விரித்துத்தான், ஒரு கோடை விடுமுறையில், நானும் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பையன் மஞ்சுவும் எதிர்வீட்டுத் தெலுங்குப் பெண் ஸ்வப்னாவும் ஒரு போர் விளையாட்டைச் செய்ய ஆரம்பித்தோம். மஞ்சுவின் அண்ணன் முறை ஒருவர் கம்ப்யூட்டரில் பேரரசுகளை மோதவிட்டதைப் பின்னால் நின்று பார்த்ததன் வினை அது.

அட்டையில் உலகத்தையே வரைந்தோம். ராயக்கோட்டை மாதிரி மலைக்கோட்டைகள், பாரூர் மாதிரி ஏரி, கெலமங்கலம் பக்கத்துத் தக்காளித் தோட்டங்கள், போதாக்குறைக்கு நாட்டுக்கு நாடு ஒரு "செக்போஸ்ட்". படை அதைத் தாண்ட ஒரு ஆட்டம் நின்றுதான் போகவேண்டும். மூலைக்கு ஒன்றாக நாலு பேரரசுகள். பிரமிடுக்காக நான் எகிப்தைச் சேர்த்தேன், மஞ்சு ரோமாபுரியைக் கொண்டுவந்தான், குதிரை இருந்தால் போதும் என்று ஸ்வப்னா மங்கோலியரைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது மூலை நம் பக்கத்து ராஜாக்களுக்கு என்று முடிவானதும் சண்டை மூண்டது. எனக்குச் சோழர், அவனுக்கு ஹொய்சாளர்! சோழர் இல்லாத விளையாட்டில் எனக்கென்ன வேலை என்று நான் அடம்பிடித்தேன். "கோட்டைய அப்புறமா புடிக்கலாம், சோறு ஆறிப்போவுது, வாங்க" என்று அம்மா உள்ளிருந்து கத்தியது எங்கள் காதில் விழவே இல்லை.

கடைசியில் ஸ்வப்னாதான் ஒரு சட்டம் போட்டாள். "அவங்கவங்க ராஜாவப் பத்தி அவங்கவங்க பேசக்கூடாது. மஞ்சு சோழருக்குப் பேசட்டும், நீ ஹொய்சாளருக்குப் பேசு. எது சேரும்னு நான் சொல்றேன்."

என் சோழர்களை இந்த மஞ்சுவிடமா ஒப்படைப்பது? ஆனால் அவன் ஏமாற்றவில்லை. தஞ்சைக் கோபுரத்தில் தொடங்கி, கைகளை ஆட்டி ஆட்டி, "கப்பல்ல போனாங்க குரு! கடல் தாண்டிப் போயி சண்ட போட்டாங்க! ஹொய்சாளா போனாங்களா?" என்று குதித்தான். எனக்கே மெய்சிலிர்த்தது. அந்த வேகத்தில் எனக்கும் வெறி ஏறிவிட்டது, சிங்கத்தோடு சண்டை போடும் வீரனைச் சின்னமாக வைத்திருந்தவர்கள், கல்லில் நகை செய்தவர்கள் என்று அவன் ராஜாக்களுக்காக மூச்சு விடாமல் வாதாடிவிட்டு, வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: "இந்த அட்டையில கடலே இல்லியே, கப்பல வெச்சிகினு சோழர் என்ன பண்ணுவாங்க?"

மூன்று பேரும் அட்டையைக் குனிந்து பார்த்தோம். உண்மைதான். உலகம் முழுக்க வரைந்த நாங்கள் கடலை மறந்திருந்தோம். எங்களில் ஒருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"ஹொய்சாளா!" என்று ஸ்வப்னா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். என் வாயாலேயே என் சோழர்களைத் துரத்திவிட்டேன் என்று புரிந்ததும் அழுகை முட்டியது. ஜெயித்த மஞ்சுவோ துள்ளவில்லை. "அதெப்டி? நான் அவ்ளோ பேசினேன்ல?" என்று எனக்கு மேலே கொதித்தவன், விடுவிடுவென்று வீட்டுக்குள் ஓடி, துணிக்குப் போடும் சொட்டு நீலப் புட்டியோடு வந்து, ஹொய்சாளர் மூலையில் பாதியையும் தக்காளித் தோட்டங்களையும் சேர்த்து நீலமாக்கினான். "இப்ப இருக்குல்ல கடலு? சோழரக் கூப்புடு!"

ஐந்து பேரரசுகள்! அன்று நாங்கள் போட்ட கூச்சலில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. மஞ்சுவின் கைகளில் நீலம் போக ஒரு வாரமாயிற்று, அவன் அம்மா திட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எதற்காகவும் கத்தியதில்லை.

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. மஞ்சு எந்த ஊரில் இருக்கிறானோ, தெரியவில்லை. என் மகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டில் சோழரும் உண்டு, ஹொய்சாளரும் உண்டு, பெயர் வாயில் நுழையாத இன்னும் எத்தனையோ பேர் உண்டு. விரலால் ஒரு தட்டு தட்டி வேண்டியவர்களை எடுத்துக்கொள்கிறாள். நேற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எதிர்ல ஆடறது யாரு கண்ணு?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"தெரியலமா. யாரோ" என்றாள்.