முதலாளி வாங்கின பட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ல யாருக்கு மனு அடிக்கணும்னாலும் ஞானபாக்கியத்தைத்தான் தேடி வருவாக. காலையில ஆறு மணி பேட்ச்சுல இருந்து இன்ஸ்டிட்யூட்ல பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் குடுக்கணும், மத்தியானம் மனு. இருபது வருசமா இதே பொழப்பு. விரல் கணுவெல்லாம் வீங்கி மோதிரம் ஏற மாட்டேங்குது. அடிச்ச தாள்ல எல்லாம் அடுத்தவன் கையெழுத்துத்தான். கடுதாசிக்கு அடியில, இடது ஓரத்துல, அடிச்சவ அடையாளமா பொடி எழுத்துல ரெண்டு எழுத்து இருக்கும். அதை எவன் பார்த்தான்?

தொண்ணூத்தேழுல, ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனி வச்சிருக்கிற ஆவுடையப்பன் முதலாளிக்கு ஒரு ஆசை வந்துச்சு. சின்ன ஆசையா அது? இங்கிலாந்து காலேஜ் ஒண்ணுல, இங்க இருந்தபடியே மேல்படிப்புப் பட்டம்! பாடம் தபால்ல வரும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அவரையும் சேத்து எட்டு நாட்டுல இருந்து எட்டுப் பேரு கம்ப்யூட்டர்ல கூடுவாக. முகம் தெரியாது, குரல் கேக்காது, எல்லாம் அடிச்சு அடிச்சுத்தான் பேச்சு. முதலாளி ஒத்தை விரலால ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள அங்க ஒம்போது வரி ஓடிரும். அதனாலதான் ஞானபாக்கியத்தைக் கூப்பிட்டாரு.

சனிக்கிழமை தோறும் டவுன் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வருவா. போன் வழியா கம்ப்யூட்டருக்கு மதுரை இன்டர்நெட் லைன் கிடைக்கவே உசுரு போயிரும். கிடைச்ச பொறவு அவரு சொல்லச் சொல்ல அடிப்பா. ரெண்டு மாசம் அப்படி ஓடுச்சு. பொறவு அவரு நாற்காலியிலேயே கண் அசந்திருவாரு, இல்லாட்டி நூல் லாரி வந்திருச்சுன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. "டைப்பிஸ்டம்மா, கேட்டா நீங்களே ஏதாச்சும் பதிலச் சொல்லிருங்க."

சொன்னா. கட்டுத்துணி மடிக்கிற பொம்பளைகளுக்கு உக்கார ஸ்டூல் போட்டா வேலையும் கூடும், லீவும் குறையும்னு ஒரு நாள் எழுதினா. ஆத்தாடி, என்னா பாராட்டு! ஆப்பிரிக்காக்காரம்மா ஒருத்தி, "ஆவுடையப்பன், நீங்க தொழிலாளி மனசு தெரிஞ்சவர்"னு எழுதிட்டா. ஞானபாக்கியத்துக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயித்தெரிச்சல் ஒரு பக்கம்.

தொண்ணூத்தொம்பதுல படிப்பு முடிஞ்சுச்சு. பட்டமளிப்பும் கம்ப்யூட்டர்லதான். யாரு இல்லாட்டா இந்தப் பட்டமே இல்லையோ அவிய பேரை ஒவ்வொருத்தரும் எழுதணும். மத்தவுக அந்தப் பேரைச் சொல்லி நன்றி எழுதுவாக. முந்தின வாரமே முதலாளி சொல்லிட்டாரு: "வேற யாரு? ஒங்க பேருதான்."

அம்புட்டுத்தான். அந்த வாரம் பூரா அவளுக்குச் சோறு இறங்கலை. ஏழு நாட்டு ஆளுக தன் பேரை எழுதப் போறாகளே! கிறிஸ்மஸுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கிட்டு வந்தா.

கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வச்சிருந்துச்சு. எவன் கண்ணுக்கும் தெரியப் போறதில்லை, ஆனாலும் முதலாளி பட்டு வேட்டியும் மாலையுமா உக்காந்திருந்தாரு. துணி மடிக்கிற பொம்பளைக கதவோரம் நின்னாக.

ஆப்பிரிக்காக்காரம்மா தன் புருசன் பேரை எழுதினா. எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னாக. அடுத்து நம்ம முதலாளி.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஒங்க பேரையே போடுங்க"ன்னாரு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. அவ விரலைத் தூக்கினா. "செத்த பொறுங்க, நானே சொல்லுதேன்"னாரு. நெத்தியைத் தடவினாரு.

"ஆமா... ஒங்க பேரு என்னம்மா?"

கல்யாண வீட்டுல மொய் எழுதுறவன் கேக்கிற மாதிரிக் கேட்டாரு. ரெண்டு வருசம்! எத்தனை சனிக்கிழமை! அவளுக்கு அழுகை வரலை. அலுப்புத்தான் வந்துச்சு, போதும்டா சாமிங்கிற அலுப்பு.

"டைப்பிஸ்ட்டுன்னே போட்டுருதேன் சார்."

"அதுவும் சரிதான். எல்லாருக்கும் புரியும்."

அடிச்சா. வரி வரியா பதில் வந்துச்சு.

"சத்தமாப் படிங்கம்மா, நம்ம ஆளுகளும் கேக்கட்டும்"னாரு முதலாளி.

"நன்றி, டைப்பிஸ்ட்"னு அவ ஏழு தடவை படிச்சா.