ஆறு மணிக்கு நின்ற பாட்டு

கோகிலா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அஸ்தம்பட்டியில் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் பம்பை வாசிக்கும் மாரியப்பன் அண்ணன்தான் போனில் சொன்னார். "அக்கா போயிட்டாங்க சாமி. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆசுபத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..." ஸ்டாண்டைப் போடாமலே இறங்கிவிட்டேன். வண்டி காலில் விழுந்தது. ஆனால் கண்முன் வந்து நின்றது துக்கமான காட்சி எதுவும் இல்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு பேஸ் கிதாரோடு மேடையில் குதிக்கும் அக்காதான் வந்து நின்றார். அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன், இரண்டாவது வரியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க முட்டைக் கோழிகளோடு இருப்பார், ஞாயிறானால் எங்களோடு. என் கிதார், மாரியப்பன் அண்ணனின் பம்பை, அக்காவின் பேஸ், அவ்வளவுதான் குழு. தாளம் விழும் இடத்தை விட்டுச் சற்றே தள்ளி கிதார் விழுகிற ரெகே இசையைப் பம்பையோடு கலந்து வாசித்தோம். நான் வேகம் கூட்டினால் அக்கா முறைப்பார். "சத்தம் காதுல உழுந்தாப் பத்தாது சாமி, வயித்துல உழுவோணும்" என்பார்.

கொரோனா கொஞ்சம் அடங்கிய நேரத்தில், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் கச்சேரிக்கு அனுமதி கிடைத்தது. திறந்தவெளி மைதானம், மாலை நான்கிலிருந்து ஆறு வரை, எல்லோருக்கும் மாஸ்க், குடும்பத்துக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம். வட்டத்தை விட்டுக் கூட்டம் கலந்தாலோ, ஆறு மணியைத் தாண்டினாலோ அத்தோடு சரி. "நீங்க ஒழுங்கா முடிச்சாத்தான் அடுத்தவங்களுக்குக் கையெழுத்துப் போட முடியும்" என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டார். எடப்பாடிப் பக்கம் மாரியப்பன் அண்ணனின் சொந்தக்காரர்களில் நான்கு பம்பைக் குழுக்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன. அத்தனை பேர் பிழைப்பும் எங்கள் இரண்டு மணி நேரத்தில் இருந்தது.

ஏற்பாடு முழுவதையும் அக்கா கையில் எடுத்துக்கொண்டார். மைதானத்து வாசலில் பெரிய தட்டு வைத்து, பண்ணையில் வைப்பது போலவே ஊதா நிற மருந்துத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிக் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நின்றார். ஆய்வாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏனுங்கம்மா, இது கோழிக்கு வர்ற நோயா? கால் வழியா வராதுங்க."

அக்கா அசரவில்லை. "தெரியுமுங்க. ஆனாக் கால நனைச்சு உள்ள வந்தவன் அடங்கி நிப்பானுங்க. பண்ணையில பாத்திருக்கறனுங்க."

ஆய்வாளர் தன் செருப்பைக் கழற்றினார். அன்றைக்கு மைதானம் முழுக்க ஊதாக் கால்கள்! முதல் பாட்டுக்கே வட்டத்துக்குள் நின்றபடி ஆட ஆரம்பித்தார்கள். ஒரு வருடம் வீட்டில் அடைந்து கிடந்த ஜனம், ஒரு முழம் இடத்தில் எத்தனை விதமாக ஆட முடியும் என்று காட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நாலாவது பாட்டில்தான் வினை வந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, மாரியப்பன் அண்ணனுக்குத் துண்டு போர்த்தியே தீருவேன் என்று வட்டத்தைத் தாண்டி வந்துவிட்டார். நல்ல கலைஞனைக் கண்டால் துண்டு போர்த்தாமல் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவர் பின்னால் இன்னும் பத்துப் பேர் துண்டோடு எழுந்தார்கள். ஆய்வாளரும் நாற்காலியிலிருந்து எழுந்தார். அக்கா மைக்கைப் பிடித்தார். "மாமா, அங்கியே நில்லுங்க! துண்டு வரும், நீங்க வரக் கூடாது!" மேடையோரம் கிடந்த தொரட்டிக் கோலை நீட்டினார். பெரியவர் அதன் நுனியில் துண்டை மாட்டிவிட்டு வட்டத்துக்குத் திரும்பினார். பிறகு ஒவ்வொரு துண்டாக அந்தக் கோலில் ஏறி வந்தது. கூட்டம் கைதட்டி ஓயவில்லை. ஆய்வாளரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

கடைசிப் பாட்டு உச்சத்தில் இருந்தது. பம்பை கொட்டுகிறது, ஜனம் கத்துகிறது, இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்தால் பாட்டு முடிந்துவிடும். திடீரென்று பேஸ் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா தன் கிதாரின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். மணி ஆறு.

"இன்னும் ரெண்டே நிமிசம்க்கா!" என்று கத்தினேன்.

"மீதிய மத்தவிய வாசிக்கட்டும் சாமி" என்றார். ஒரு வருடம் காத்திருந்த பாட்டைப் பாதியில் வெட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை மாரியப்பன் அண்ணன் போன் செய்தார். நான்கு குழுக்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அன்றே பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், "கோவம் போச்சா? உள்ள வா, சோறு போடறேன்" என்றார்.

கூட்டம் 'இன்னொன்று, இன்னொன்று' என்று கேட்கும்போதே கிதாரைக் கீழே வைக்கும் துணிச்சல், அதுதான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. எளிதில் வரவில்லை. அக்காவின் காரியம் முடிந்த மறுவாரம் வாழப்பாடியில் ஒரு மேடை. ஜனம் விடவில்லை, எனக்கும் இறங்க மனமில்லை. எங்களுக்கு அடுத்து வாசிக்க வேண்டிய பெண்கள், மேடைக்குப் பின்னால் தப்புப் பறையின் தோல் விறைப்பேற நெருப்பில் காய்ச்சி முடித்து நின்றிருந்தார்கள். வயரைப் பிடுங்கினேன். காய்ச்சிய தப்பு ஆறுவதற்குள் அவர்கள் மேடையேறிவிட்டார்கள்.