கதவு என்றால் அக்கா

என் அத்தானுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்த கையோடு எழுந்து ஜன்னலுக்குப் போவார். ஜன்னலிலிருந்து வாசலுக்கு வருவார். வாசலில் நின்று மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி நாற்காலி. வலது காலை இழுத்து நடப்பதால் சரக், சரக் என்று சத்தம் வேறு. கீழ்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டே, "பட்டாளத்தார் ரோந்து கிளம்பிட்டார்" என்பார்கள். அந்த வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் எனக்கும் கால் குறுகுறுக்க ஆரம்பித்துவிடும். அக்கா மட்டும் காதில் எதுவும் விழாதவள் மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

படையில் அத்தானுக்குச் செய்தி அனுப்பும் வேலை. வயர்லெஸ் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு, ஒன்றை இன்னொன்றாகச் சங்கேதத்தில் சொல்ல வேண்டும். குண்டுச் சிதறல் ஒன்று தலையின் இடப்பக்கம் பாய்ந்தது. உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதி தப்பின. பேச்சுதான் சிக்கலாகிவிட்டது. நாம் பேசுவது அவருக்கு நன்றாகவே புரியும். அவர் பேச வாயைத் திறந்தால் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வந்து நிற்கும். டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அக்கா சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: "வார்த்தை எல்லாம் உள்ளதான்டி இருக்கு. வீடு மாறிக் குடி போயிடுச்சு, அவ்வளவுதான்."

எது எந்த வீட்டுக்குப் போனது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவள் அவள்தான். அத்தான் 'சாவி' என்றால் சாப்பாடு. 'குடை' என்றால் தண்ணீர். 'லாரி' என்றால் தலைவலி. 'கதவு' என்றால் அக்கா.

அது வந்த கதையை அக்கா நடித்தே காட்டுவாள். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவரை முதல்முதலாகப் பார்க்கப் போயிருக்கிறாள். இவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, "கதவு!" என்றாராம். காற்று அடிக்கிறது போலிருக்கிறது என்று இவள் போய்க் கதவைச் சாத்தினாள். "கதவு!" சரி, புழுங்குகிறது போல என்று திறந்தாள். "கதவு! கதவு!" இவள் திறந்து திறந்து மூட, அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, அப்போதுதான் இவளுக்கு உறைத்ததாம். இதைச் சொல்லிவிட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

"உன் பேரைச் சொல்லி ஒரு தடவையாவது கூப்பிட மாட்டாரான்னு உனக்கு இல்லையாக்கா?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"முன்னாடி மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டாராக்கும்? 'ஏய்'னுதான் கூப்பிடுவார். இப்பவாவது எனக்குன்னு ஒரு பேர் கிடைச்சுதே" என்றாள்.

அக்காவுக்குத் தையல் பட்டறையில் காஜா எடுக்கும் வேலை. சட்டைக்குச் சட்டை பொத்தான் நுழைகிற ஓட்டையைத் தைத்துத் தைத்துக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. பொத்தான் வைக்கிற சட்டைகளை வீட்டுக்கே கொண்டுவருவாள். அத்தான் இடது கையால் பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். நாலு பொத்தான் பிரிப்பதற்குள் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். "கதவு!" என்று அங்கிருந்து குரல் வரும். இவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "வந்துட்டேன்" என்பாள். எழுந்திருக்க மாட்டாள். அவருக்கும் அவள் வர வேண்டியதில்லை, பதில் வந்தால் போதும். ஒரு நாளைக்கு இது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் என்னை இப்படிக் கூப்பிட்டிருந்தால் என்றைக்கோ பெட்டியைக் கட்டியிருப்பேன்.

அந்த அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வலியை யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பட்டறையில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆபரேஷனை இனியும் தள்ளிப் போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கும் இவள், "அவரை யார் பார்த்துப்பா?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் பார்த்துக்கறேன். நீ போய்ப் படு" என்று கத்தினேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்ன ஆனாலும் அவரை ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டிட்டு வராதடி. அந்த வாசனை பட்டாலே அவருக்குப் பழசெல்லாம் வந்துரும்." வாஸ்தவம்தான். காயம் ஆறி வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தான் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதித்ததில்லை. ஒருமுறை ஏமாற்றிக் கூட்டிப்போனபோது, தெருமுனையிலேயே விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று அக்காவுக்குத் துணையாக, பட்டறையில் பக்கத்து மெஷினில் தைக்கிற அம்மா போயிருந்தார். நான் அத்தானோடு வீட்டில். காலையிலிருந்து ஜன்னல், வாசல், படி. ஜன்னலிலிருந்து "கதவு" என்பார். நான், "அக்கா சாயங்காலம் பேசுவா அத்தான்" என்பேன். அது பதில் இல்லையே. மறுபடி நடப்பார். தட்டில் வைத்தது அப்படியே காய்ந்தது. நானும் அவர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் போன் வந்தது. மெஷின்காரம்மா அழுதுகொண்டே பேசினார். "கட்டியை எடுத்துட்டாங்கம்மா. ஆனா மயக்கம் தெளிய மாட்டேங்குது. தெளிய வேண்டிய நேரம் தாண்டிடுச்சாம். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறாங்க, அசைவே இல்ல. நீ வாம்மா."

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அந்தம்மாவின் குரல் ஊருக்கே கேட்கும், அவருக்குக் கேட்காதா?

"அத்தான், நீங்க இருங்க. நான் போய்ப் பாத்துட்டு..."

"கதவு. கதவு போலாம்."

அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்கிறவர்கள் கோட்டை விட்டால் நான் மிதிப்பதற்கு. அந்த சீட்டில்தான் அத்தான் உட்கார்ந்தார். வழியெல்லாம் உடம்பு முன்னால் சாய்ந்தே இருந்தது. சிக்னலில் நின்றால் கண்ணாடியைத் தட்டினார். ஒருவேளை அக்கா போய்விட்டால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததும் வண்டி படக்கென்று நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன், உறுமுகிறதே தவிர நகரவில்லை. குனிந்து பார்த்தால், அத்தானின் நல்ல கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது. முகமெல்லாம் வியர்வை. கண் அந்தக் கட்டடத்தைவிட்டு நகரவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஒருவன் ஜன்னல் பக்கம் வந்து, "வண்டி ஓட்டத் தெரியாதவங்கல்லாம் கத்துக்கொடுக்கறீங்களா?" என்று கத்திவிட்டுப் போனான். வேறு நாளாக இருந்தால் இறங்கி அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

"அத்தான், நீங்க வண்டியிலயே இருங்க. நான் மட்டும் போறேன்" என்றேன்.

அவர் இடது கையால் தன் முழங்காலைப் பிடித்து, பிரேக்கிலிருந்து காலைத் தூக்கி எடுத்தார். வண்டி நகர்ந்தது.

ஆபரேஷன் முடிந்தவர்களை வைத்திருக்கும் அறை வாசலில் ஒரு காவலாளி. "ஒருத்தர்தான் போலாம். நீங்க யாரு அவங்களுக்கு?" என்றார்.

"கதவு" என்றார் அத்தான்.

"ஆமா, கதவுதான். மூடித்தான் இருக்கும்."

"கதவு! கதவு!"

"பூட்டெல்லாம் இல்லைங்க பெரியவரே, சும்மாதான் சாத்தியிருக்கு. இதோ பாருங்க" என்று அந்த நல்ல மனுஷன் திறந்து காட்டினார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தான் உள்ளே போய்விட்டார். பின்னாலேயே நானும் நுழைந்துவிட்டேன்.

நர்ஸ் அக்காவின் கன்னத்தைத் தட்டி, பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் பக்கத்தில் நின்று கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். அக்கா வெளிறிப் போய்க் கிடந்தாள். குழாய்கள், மருந்து வாசனை, முனகல். அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, ஜன்னலிலிருந்து கூப்பிடுகிற அதே எரிச்சலான குரலில் கூப்பிட்டார்.

"கதவு!"

அக்காவின் புருவம் அசைந்தது. கண் திறக்கவில்லை. உதடு மட்டும் பிரிந்தது.

"வந்துட்டேன்... சாவி ஆச்சா?"

நர்ஸ் பதறிப்போனாள். "டாக்டர், பேச்சு குழறுது. சாவிங்கறாங்க. இவரு கதவுங்கறாரு." உடனே அக்காவின் காதருகே குனிந்து, "சாவி பத்திரமா இருக்கும்மா, கவலைப்படாதீங்க" என்றாள்.

"குழறலை சிஸ்டர்" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "சாப்டீங்களான்னு கேக்கறா. அவங்க வீட்டுப் பேச்சு அது."

"இல்ல" என்றார் அத்தான். "சாவி இல்ல."

அதைக் கேட்டுத்தான் அக்கா கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். எங்கே இருக்கிறோம் என்பது மெதுவாக உறைத்ததும் பார்வை என் மேல் திரும்பியது.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேடி. இவரை ஏன் இங்க கூட்டிட்டு வந்தே?"

"நான் எங்கக்கா கூட்டிட்டு வந்தேன்? அவர்தான் என்னைக் கூட்டிட்டு வந்தார்."

அத்தான் ஸ்டூலைக் காலால் இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். அவர் கை அக்காவின் கை மேல் இருந்தது. சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. நான்தான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.