ஒன்றரை அங்குல அம்பு

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆங்கிலத்தில் வரும் ஆர்டர் தாளைப் படித்து, கட்டிங் மேஜைக்கு அளவு சொல்வது என் வேலை. தாளில் எந்த எண் இருந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துணி வீண். கொஞ்சம் குறைந்தால் யாரும் கேட்பதில்லை. குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தலைக்கனத்துக்கும் குறைவில்லை.

கணியூரில் அக்கா வீட்டுக் கடலைக்காட்டைக் காட்டுப்பன்றிகள் கிளறி நாசமாக்கின. மச்சானுக்குத் துப்பாக்கி இல்லை, வில் எய்யத் தெரியும். வன அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பன்றியை அம்பெய்து கொல்ல அனுமதி வாங்கிவிட்டார். நிபந்தனைகள் எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது தாளை நீட்டினார்.

“அம்பு முனையப் பத்தி என்னமோ எழுதீருக்குதாமா. பாத்துச் சொல்லுங்க மாப்ள.”

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அலகின் அகலம், ஒன்றரை அங்குலம் என்பது மட்டும் கண்ணில் பட்டது. வாக்கியத்தை முழுதாகப் படிக்கவில்லை.

“ஒன்றரைக்கு மேல போகக் கூடாதுங்க மச்சான். ஒன்னேகாலா வெச்சுக்குங்க, வம்பில்ல.”

ஆசாரி அடித்துக் கொடுத்த அலகுகள் இரண்டங்குலம் இருந்தன. மச்சான் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அத்தன ஒல்லியா ராவுனா பன்னி சாகாதுங்களே.”

“சட்டம்னா சட்டந்தானுங்க” என்றேன். அவர் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

பத்து நாளில் ஆள் வந்து சொன்னான். விடியற்காலையில் அம்பு விலாவில் தைத்தும் பன்றி விழவில்லை. திரும்பி வந்து மச்சானின் தொடையைக் கிழித்துவிட்டது.

உடுமலை ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது வனக்காவலர் அந்த அம்பை அளந்துகொண்டிருந்தார். “ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாதுன்னு தாள்ல இருக்குது. சின்ன அலகு காயம்தான் பண்ணும், கொல்லாது. யாரு இப்படி ராவச் சொன்னது?”

மச்சான் என் பக்கமே திரும்பவில்லை.

“மாப்ள சரியாத்தானுங்க படிச்சுச் சொன்னாரு. நாந்தானுங்க கேக்காம ராவிப்போட்டேன்.”

கால்மாட்டில் நின்ற அக்கா அதைக் கேட்டாள். அனுமதி ரத்தானது. கால் கடைசிவரை மடங்கவில்லை. அவர் விந்தி விந்திக் காட்டுக்குப் போகும்போதெல்லாம் அக்கா திட்டுவாள்: “எந்தம்பி அத்தன சொல்லியும் கேட்டீங்களா?” நான் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும் திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே, “மாப்ளைக்கு இன்னுங்கொஞ்சம் ரசம் ஊத்து” என்பார். வெட்கம் கெட்டவன், ஊற்றியதைக் குடித்தேன்.

அவர் இறந்த அன்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ சொன்னதக் கேட்டிருந்தா அந்த மனுசன் ஒழுங்கா நடந்திருப்பாரே, சாமி.”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.